இறங்கி நிற்கும் வரி

ஏப்ரல் 7, திங்கள்

ஸ்டெல்லா டீச்சரின் புத்தகம் இன்று அச்சகத்தில் என் மேஜைக்கு வந்துவிட்டது. பாடநூல் சீசன் முடியும்வரை புது வேலை எதையும் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். கதிரேசன் சார் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு டீச்சரையே நேராக மாடிக்கு அனுப்பிவிட்டார். மதுரை வெயிலில் நடந்து, மூன்று மாடி ஏறி, முகம் சிவந்து வந்து நிற்கிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான முதல் புத்தகம். எழுத்து குதிக்கிறது, புரள்கிறது என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கியவர்கள். அவர்களுக்காகவே டீச்சர் ஒரு வகுப்பு நடத்துகிறார். சின்னச் சின்னக் கதைகள், பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஏழெட்டு வரி. பார்த்தால் சுலபமான வேலைதான்.

“எழுத்து அழகா இருக்கணும்னு அவசியமில்ல சார். வரிக்கு வரி இடம் ஒண்ணுபோல இருந்தாப் போதும். ஒரு வரி லேசா எறங்கி நின்னாலும் எம் பிள்ளைக அங்கனயே நின்னுரும். அடுத்த வரிக்கு வராது” என்றார்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது புத்தகம் கையில் இருக்க வேண்டுமாம். அவர் போனபிறகு ஃபைலைத் திறந்தேன். ஒரு வரி ஒட்டிக்கொண்டு, ஒரு வரி விலகி, நெரிசலான பஸ்ஸில் ஆட்கள் நிற்கிற மாதிரி. மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இளைப்பு விடவில்லை. வரும் வழியில் மெடிக்கலில், சில மாதமாகப் போடும் அதே வெள்ளை மாத்திரையை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

காரணம் கிடைத்துவிட்டது. மூன்று பேர் ஆளுக்கொரு ஃபாண்டில் அடித்திருக்கிறார்கள். வரி இடைவெளியை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டார்கள். அப்படி விட்டால், ஒரு வரியில் எந்த எழுத்து உயரமோ அதற்கேற்ப அந்த வரியே தள்ளி நிற்கும். எழுத்தாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் வேறு ஃபாண்டில் கொஞ்சம் பெரிதாகக் கிடந்தால் போதும், வரி இறங்கிவிடும். பார்க்கிறவனுக்கு ஏன் என்றே தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே ஃபாண்டுக்குக் கொண்டுவந்து, இடைவெளிக்கு ஒரே எண்ணைக் கொடுத்தேன். பக்கங்கள் அடங்கி உட்கார்ந்தன. எதிர் மேஜைப் பர்வீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் பிழைதிருத்தம்தான் வேலை என்றாலும் லேஅவுட்டும் பழகிக்கொண்டு வருகிறாள். “கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்குண்ணே” என்றாள்.

இந்த மாதத்தில் சந்தோஷமாக வீட்டுக்குப் போன நாள் இது ஒன்றுதான்.

ஏப்ரல் 12, சனி

வீட்டுக்காரர் சமையலறைச் சுவரில் புது டைல்ஸ் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கொத்தனார் சரியில்லை. நடு வரிசை வயிறு சரிந்த மாதிரி இருக்கிறது. மனைவி ரேணுகாவிடம் சொன்னேன். அவள் கிட்டே போய் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். வாடகைக்கு இருக்கிறவர்கள் எதையும் கேட்டுவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு பயம்.

ஏப்ரல் 16, புதன்

டீச்சர் புத்தகம் மறுபடியும் கெட்டுக் கிடக்கிறது. ஆட்டுக்குட்டிக் கதையில் நாலாவது வரி இறங்கியிருக்கிறது. ஃபாண்டைப் பார்த்தேன், சரி. எண்ணைப் பார்த்தேன், சரி. வெற்றிடங்களையெல்லாம் அழித்து மறுபடி அடித்தேன். அப்படியேதான் நிற்கிறது.

இத்தனை வருடத்தில் எண் சரியாக இருந்து வரி தப்பாக நின்று நான் பார்த்ததில்லை. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். பாதி நாள் அதிலேயே போயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் தொடாமல் கிடக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

கையாலேயே சரிசெய்துவிட்டேன். இறங்கிய வரியைத் தேர்ந்தெடுத்து, துளித்துளியாக மேலே தூக்கி நிறுத்தினேன். முறையான வழி இல்லைதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை மட்டும் செய்யாதே என்று சொல்வேன். வேறு வழி தெரியவில்லை.

ஏப்ரல் 19, சனி

நேற்றுப் பெரிய வெள்ளி, விடுமுறை. தூங்கியே கழித்தேன். தூங்கியும் அலுப்புப் போகவில்லை.

இன்று வந்து பார்த்தால் வேறு பக்கங்களிலும் அதே தொல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நான் முதலில் பார்க்கிற இடத்திலேயே தவறு இருக்கிறது. ஓரங்களெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. இத்தனை வருடப் பழக்கம், கண் நேராகத் தவறு இருக்கும் இடத்துக்கே போய்விடுகிறது.

பர்வீனிடம் ஃபைலைத் திறந்தாயா என்று கேட்டேன். எழுத்துப்பிழை பார்த்தது காகிதத்தில்தான், ஃபைலைத் தொடவில்லை என்றாள். கேட்டபிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரேணுகா பக்கத்துத் தெருப் பெண்ணின் கல்யாண ரவிக்கையைத் தைத்து முடித்து ஹேங்கரில் மாட்டியிருந்தாள். முதுகுப்பக்கத் தையல் கோணலாக இருப்பதாகச் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவள் ரவிக்கையை எடுத்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். இட்லி ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். டீச்சர் புத்தகத்தில் நான் சரிசெய்த வரிகள் திரும்பத் திரும்ப மாறுகின்றன, யாரோ ஃபைலில் கைவைக்கிறார்கள் என்று. பேர் எதுவும் சொல்லவில்லை.

மாடியில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

கதிரேசன் சார் மேலே வந்து என்னைக் காட்டி, இனி அந்த ஃபைலை சோலைமலை தவிர யாரும் திறக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். பர்வீன் புரூஃபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே பைண்டிங் பெண்களோடு சாப்பிடப் போய்விட்டாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

இளைப்பு. மாத்திரை இரண்டாகப் போட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சிம்மக்கல் பக்கம் நின்றுகொண்டிருந்த ஆட்டோவில் வண்டியை உரசிவிட்டேன். இடம் இருக்கிறது என்று நினைத்துத்தான் போனேன். ஆட்டோக்காரர் சின்ன வயதுக்காரர். என்னைத் திட்டத்தான் இறங்கினார், முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, தூக்கமா? ஓரமா நின்னு ஒரு டீய அடிச்சிட்டுப் போங்க” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

முழங்கை சிராய்ப்பு. ரேணுகாவிடம் மாடிப்படியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

டீச்சர் புத்தகம் முழுவதையும் பக்கம் பக்கமாகப் பார்த்து, தொய்ந்த வரிகளையெல்லாம் தூக்கி நிறுத்திவிட்டேன். பிரிண்ட் எடுத்து டீச்சர் வீட்டுக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன். பர்வீன் மேஜை வழியாகப் போகவில்லை.

ஏப்ரல் 30, புதன்

காலையில் முகச்சவரம் செய்யும்போது சோப்பு நுரை இடது கண்ணில் பட்டுவிட்டது. அந்தக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன்.

ஒன்றைக் கவனித்தேன். எழுதத் தோன்றவில்லை.

சட்டை இரண்டு இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும்.

மே 2, வெள்ளி

டீச்சர் வந்தார். கையில் நான் அனுப்பிய பக்கங்கள். வீட்டில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாராம். முதல் இரண்டு கதையைத் தட்டித் தடவித் தாண்டியவர்கள், ஆட்டுக்குட்டிக் கதையில் நின்றுவிட்டார்கள். நாலு பேரும் ஒரே இடத்தில். ஒரு பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு அழுததாம். பிள்ளைகள் நின்ற இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொண்டுவந்திருந்தார்.

முதலாளி இரும்பு ஸ்கேலை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். வைத்த இடமெல்லாம் வித்தியாசம். குறி இருந்த வரிகள் எல்லாம் மேலே ஏறி, மேல் வரியை இடித்துக்கொண்டு நின்றன. எல்லாம் நான் தூக்கி நிறுத்திய வரிகள்.

முதலாளி பர்வீனைக் கூப்பிட்டார். தொடக் கூடாது என்று சொன்னபிறகும் தொட்டது ஏன் என்று கேட்டார். டீச்சர் முன்னால் கேட்டார். அவள் நான் தொடவில்லை சார் என்றாள். இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது என் பக்கம் திரும்பினாள்.

எனக்கு அப்போது இருமல் வந்துவிட்டது.

அவள் மேஜைக்குப் போய் பேனா, தண்ணீர்ப் பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். முதலாளி தடுக்கவில்லை. நானும்.

டீச்சரை வழியனுப்பப் படிவரை போனேன். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

“சார், எந்தக் கண்ணு?”

கண்ணில் ஒன்றுமில்லை என்றேன். அவர் போகவில்லை. காகிதத்தை நான் இடது பக்கம் தள்ளிப் பிடித்ததையும், முகத்தைச் சாய்த்ததையும், நடுவில் ஒரு கண் தானாக மூடியதையும் சொன்னார். பிள்ளைகள் வாசிக்கும்போது அவர் வாயைப் பார்ப்பதில்லையாம், முகத்தைத்தான் பார்ப்பாராம். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் நிற்க முடியாமல் செய்தது.

“வலது” என்றேன்.

மே 3, சனி

ரேணுகாவிடம் சொன்னேன். இடது கண்ணை மூடினால் வலது கண்ணுக்கு நடுவில் ஒரு மங்கல் வட்டம். அதற்குள் விழுகிற கோடெல்லாம் வளைகிறது. அவள் முகத்தைப் பார்த்தால் மூக்கு இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்ட மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்ப டைல்ஸு?”

“நேராத்தான் இருக்கு போல.”

“ரவிக்கை?”

நான் தையல் மெஷின் பக்கம் பார்த்தேன்.

“அது நேர்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க. பிரிச்சு, மறுபடியும் அதே கோட்டுலதான் தைச்சேன்” என்றாள்.

அந்தப் பத்துப் பதினைந்து நாளும் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மே 5, திங்கள்

ரேணுகாவோடு கண்ணாஸ்பத்திரி. வரிசை, டோக்கன், இன்னொரு வரிசை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் வத்தலக்குண்டுக்காரர் ஒருவர், கண்ணை மூடியபடியே தன் தென்னந்தோப்பில் விழுந்த நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நானும் கண்ணை மூடியபடி ம்ம் கொட்டினேன். ஒருவர் முகத்தை ஒருவர் கடைசிவரை பார்த்துக்கொள்ளவில்லை.

உள்ளே ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை, நடுவில் ஒரு புள்ளி. ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார்கள். இடது கண்ணுக்குக் கட்டங்கள் சதுரம் சதுரமாக நின்றன. வலது கண்ணுக்கு, நடுக் கோடுகள் எல்லாம் ஆட்டுக்குட்டிக் கதை மாதிரி இறங்கிவிட்டன.

டாக்டர் அம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார். படம் பிடித்துக் காட்டினார். தரைவிரிப்புக்கு அடியில் காற்று புகுந்த மாதிரி ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். தூக்கம், வேலை, கவலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரேணுகா கைப்பையிலிருந்து வெள்ளை மாத்திரைப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் சட்டைப்பையில் இருந்தது அவள் கைக்கு எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

அது ஸ்டீராய்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரை இல்லையாம். இப்படி நீர் கோப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அதை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாதாம். நெஞ்சு டாக்டரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சரியாகிவிடுமா என்று ரேணுகா கேட்டாள்.

“பெரும்பாலும் சில மாசத்துல நீர் தானா வத்திரும். முன்ன மாதிரியே பார்வை வரும்னு நான் உறுதி சொல்லமாட்டேன். சில பேருக்குக் கொஞ்சம் வளைவு தங்கிரும்.” பிறகு என்னைப் பார்த்து, “என்ன வேலை பாக்குறீங்க?” என்றார்.

சொன்னேன். அவர் எழுதுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி எழுதினார்.

மே 6, செவ்வாய்

முதலாளி அறைக்குப் போய் உட்காராமலே சொன்னேன். வரிகளைக் கெடுத்தது நான்தான். பர்வீன் தொடவில்லை. கண்ணில் கோளாறு. போன புதன்கிழமையே எனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை அவளைக் கேட்டபோது தெரிந்தேதான் பேசாமல் இருந்தேன். இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கதிரேசன் சார் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார். அவரும் அச்சுக்கோக்கும் கம்பாசிட்டராக ஆரம்பித்தவர்தான். “வெளிய யார்ட்டயும் சொல்லிக்காத சோலை. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா வேலை குடுக்கிறவன் யோசிப்பான்” என்றார். அது அக்கறையா, வியாபாரமா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போல.

பர்வீனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றேன்.

“நான் கூப்பிட்டா முதலாளி கூப்பிடுறாருன்னு வருவா. அது வேற. நீ போ.”

மே 7, புதன்

மஹபூப்பாளையம், பர்வீன் வீடு. ரேணுகாவும் வந்தாள், வண்டியை ஓட்டியதும் அவள்தான். பின்னால் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

பர்வீனின் அம்மா உட்காரச் சொல்லி ரஸ்னா கலக்கிக் கொடுத்தார். அவருக்கு விஷயம் தெரியாது. மகள் லீவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். எங்களை விருந்தாளிகள் என்றே உபசரித்தார். அவர் உள்ளே போகும்வரை நான் டம்ளரையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பர்வீன் கண்ணைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். வலிக்கிறதா, எத்தனை மாதம், என்ன சொட்டு மருந்து என்று.

“நீங்க மொதலாளிகிட்டச் சொன்னது கூட வலிக்கலண்ணே. வெள்ளிக்கிழமை நான் உங்களத்தான பாத்தேன். நீங்க எதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

“எனக்கு அப்பவே தெரியும்மா” என்றேன்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரேணுகாவுக்கும் அதுவரை அது தெரியாது. அவள் டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

வருகிறேன் என்றும் பர்வீன் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, படி உயரமாக இருக்கும் பார்த்து இறங்குங்கள் என்றாள்.

திரும்பும்போது ரேணுகா வைகைப் பாலத்தில் வைத்து, “எங்கிட்டச் சொல்லிருந்தா அன்னைக்கே போயிருக்கலாம்ல” என்றாள். காற்றில் சரியாகக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மே 8, வியாழன்

இன்று மீனாட்சி திருக்கல்யாணம். மாசி வீதிகளில் நடக்க இடமில்லை, ஆபீஸ் லீவு. ரேணுகா புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். கோபமாக இருந்தாலும் அதை மறக்கவில்லை. மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தவள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே, முடிச்சு நேராக இருக்கிறதா என்று கேட்டாள். கிண்டலா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்றேன்.

மே 9, வெள்ளி

ஃபைலைத் திறந்து உட்கார்ந்தேன். நான் தூக்கிய வரிகளை நானே இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். தலை சுற்றியது. எது நான் தூக்கியது, எது தானாக நிற்பது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். புத்தகத்தைக் கேட்பார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். கண்ணைத்தான் கேட்டார். புத்தகத்தைக் கேட்கவே இல்லை. அதற்குமேல் வேலை ஓடவில்லை.

மே 10, சனி

பர்வீன் வந்தாள்.

நான் இருக்கும்போதே வந்து, பையை அவள் மேஜையில் வைத்துவிட்டு, என் மேஜைக்கு வந்து நின்றாள். நான் எழுந்துகொண்டேன். என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

மொத்த எழுத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வரியைத் தூக்கி இறக்கும் கட்டத்தில் பூஜ்யம் போடச் சொன்னேன். போட்டாள். அவ்வளவுதான். இரண்டு வாரம் கண் எரிய நான் செய்ததெல்லாம் ஒரு தட்டில் போய்விட்டது. முதலில் அவளுக்குக் காட்டியபோது இருந்த மாதிரியே பக்கங்கள் வந்துவிட்டன என்றாள். எனக்குத் தெரியாது, அவள் சொன்னாள்.

“இம்புட்டுத்தானாண்ணே?” என்றாள்.

இவ்வளவுதான் என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

மே 13, செவ்வாய்

நெஞ்சு டாக்டர் மாத்திரையைக் குறைக்கும் முறையை எழுதிக் கொடுத்தார். காகிதத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இளைப்பு வரும் என்றார். பக்கவாட்டில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். எங்கள் மாடி ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். அந்தச் சுவருக்கும் அவர்தான் மருந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

மே 15, வியாழன்

முதலாளி பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வெளியே ஒரு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போக வந்த பையனிடமிருந்துதான் தெரிந்தது. தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை.

மத்தியானத்துக்குமேல் பர்வீனிடம், நாற்காலியில் நீயே உட்கார் என்று சொல்லிவிட்டு, டீச்சர் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள், நான் கேட்டேன். ஆட்டுக்குட்டி கிணற்றடிக்குப் போகிறது, தன் நிழலைப் பார்க்கிறது. ஒரு வரியில் சொல் நீளமாக இருந்து மூச்சு முட்டியது. அடுத்த வரிக்கு உடைக்கச் சொன்னேன். கண் பார்த்தபோது இது தெரிந்ததில்லை. காகிதத்தில் அழகாக இருந்த சில இடங்கள் காதுக்கு இடறின. டீச்சரிடம் போனில் கேட்டு ஏழெட்டு இடங்களில் மாற்றினோம்.

மே 19, திங்கள்

புத்தகம் அச்சுக்குப் போகிற நாள்.

மற்றப் பக்கங்களையெல்லாம் சனிக்கிழமையே முடித்துவிட்டோம். ஆட்டுக்குட்டிக் கதை மட்டும் பாக்கி. பர்வீன் கடைசிப் பிரிண்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் ‘அச்சுக்குப் போகலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். இத்தனை வருடமும் நான்தான் போடுவேன். நீயே போடு என்றேன். மாட்டேன் என்றாள்.

“நான் நேரா இருக்குன்னு சொல்றேன். கையெழுத்து நீங்கதான் போடணும்.”

காகிதத்தை எடுத்தேன். இடது கண்ணால் மட்டும் பார்க்கலாம்தான். அப்படிப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்த்தேன். நடுவில் நாலாவது வரி தொய்ந்துதான் இருந்தது. சந்தேகமே இல்லை. யாராவது அதைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினால் தேவலை என்றிருந்தது.

“சரியா இருக்கா?” என்று கேட்டேன்.

“சரியா இருக்குண்ணே.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு அச்சு மெஷின் அறைக்கு இறங்கிப் போனாள்.